பெருங்காய டப்பாவும் உலக வரைபடமும்: வீட்டுக்கல்விப் பெற்றோர் கவனத்துக்கு

சாம்பாருக்கு வேண்டிய சாமான்களை அடுப்பு மேடையில் எடுத்து வைத்துக்கொண்டு, ‘இதெல்லாம் எங்கிருந்து வந்தது?’ என்று பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். கடையிலிருந்து என்பான். கடைக்கு எங்கிருந்து வந்தது என்று அடுத்துக் கேட்டால் பூகோளம் தொடங்கிவிடும். துவரம்பருப்பு நம் விளைச்சல் போதாமல் மொசாம்பிக்கிலிருந்தும் மியான்மரிலிருந்தும் கப்பலேறி வருகிறது. பெருங்காயப் பிசின் ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் பக்கத்துச் சரக்கு. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்தவை. மிளகைப் போல உறைத்த அந்தப் புதுக் காய்க்கு நம்மவர்கள் மிளகையும் காயையும் சேர்த்தே பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்படி ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டு பூகோளம், வரலாறு, கணக்கு, மொழி என்று எல்லாவற்றுக்குள்ளும் போய்வருவதைத்தான் ஹோம் ஸ்கூலிங் பெற்றோர் ‘யூனிட் ஸ்டடி’ என்கிறார்கள். பெருங்காயத்தையே இரண்டு வாரம் நடத்தலாம். தஞ்சாவூரில் ஏன் அது விளைவதில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல உயரம், குளிர், மழையளவு மூன்றும் வேண்டும். 2020-இல் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பாலம்பூர் ஆய்வகத்தார் பெருங்காயச் செடி நட்டதையும் சேர்த்துச் சொன்னால், குளிர்ந்த வறண்ட மலை என்றால் என்னவென்று பிள்ளைக்கு விளங்கும். சூரியகாந்தி எண்ணெய்க்குப் போனால் கருங்கடலும் உக்ரைனின் கரிசல் மண்ணும் வந்து சேரும். 2022-இல் அங்கே போர் மூண்டதும் இங்கே எண்ணெய் விலை ஏறியதை வீட்டில் எல்லோரும் பார்த்தோமே.

இந்த முறையில் ஒரு ஓட்டை உண்டு. சாம்பார் சட்டிக்குள் வராத பூகோளம் பாடத்துக்குள்ளும் வராது. தீர்க்கரேகை, நேர மண்டலம், கோள் காற்றுகள், அண்டார்டிகா எல்லாம் அப்படி விட்டுப்போகிறவை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 6 முதல் 10-ஆம் வகுப்பு வரையிலான சமூக அறிவியலின் பொருளடக்கத்தை அச்செடுத்து, முடித்ததை டிக் அடித்து வாருங்கள். வாரத்தில் ஒரு நாளாவது யூனிட்டை மூடி வைத்துவிட்டு அட்லஸை மட்டும் திறப்பது நல்லது என்பது என் கட்சி.

அந்த அட்லஸ்தான் அடுத்த கவலை. பழைய புத்தகக் கடையில் வாங்கியதென்றால் முதலில் தெற்கு சூடான் இருக்கிறதா பாருங்கள். அது 2011 ஜூலையில் பிறந்த நாடு. பிறகு தெலங்கானாவையும் லடாக்கையும் தேடுங்கள். சுவரில் மாட்டும் வரைபடங்கள் சிலவற்றில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் 14 மடங்கு பெரியது. ஒரு ஆரஞ்சுத் தோலை உரித்துத் தட்டையாக விரிக்கச் சொன்னால் காரணம் பிள்ளைக்கே புரிந்துவிடும்.

வெளிநாட்டு யூனிட் ஸ்டடிப் பெட்டிகளில் இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. ஜம்மு காஷ்மீரையும் அருணாசலத்தையும் வேறு மாதிரி காட்டும் வரைபடங்கள் அவற்றில் சாதாரணம். நம் சட்டம் இதில் கறார். சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்ட வரைபடத்தோடு ஒத்துப்போகாத இந்திய வரைபடத்தை வெளியிடுவது, 1961-ஆம் ஆண்டுக் குற்றவியல் திருத்தச் சட்டப்படி 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். எல்லை தவறான வரைபடங்கள் இறக்குமதிக்குத் தடை செய்யப்பட்ட பொருளும்கூட. சுங்கத்துறை பெட்டியை நிறுத்திவைக்கலாம். அரசு புகார் செய்தால்தான் வழக்கு நடக்கும் என்பதும், பிள்ளை தன் நோட்டில் வரைவது ‘வெளியிடுவது’ ஆகாது என்பதும் ஆறுதல். ஆனால் அதையே படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறோம், பாடத்தாளாக்கி மற்றப் பெற்றோருக்கு விற்கிறோம் என்றால் கதை வேறு. சர்வே ஆஃப் இந்தியா தன் இணையதளத்தில் இந்திய வரைபடங்களை இலவசமாகத் தருகிறது. இந்தியப் பக்கத்துக்கு அதையே வையுங்கள்.

வீட்டுக்கல்வியே சட்டப்படி சரியா என்று உறவினர்கள் கேட்பார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுப் பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று 10-ஆம் பிரிவில் சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. வீட்டுக்கல்வி என்ற பேச்சே அதில் கிடையாது. ஆக, அந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை இது அனுமதியும் இல்லாத, தண்டனையும் இல்லாத நடுவாந்திர நிலை. பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர்கள் வீட்டுக்கு வரலாம். அவர்களிடம் சண்டைக்கு நிற்காமல், தேதி போட்ட பாடக் குறிப்பு, வரைபடங்கள், படித்த புத்தகப் பட்டியல் கொண்ட ஒரு ஃபைலைக் காட்டுங்கள். பெருங்காய யூனிட்டின் தாள்களும் அதில் இருக்கட்டும்.

நாலைந்து குடும்பம் சேர்ந்து வாரம் ஒருமுறை பாடம் நடத்துவது வேறு. வாடகைக்கு இடம் பிடித்து, தினமும் வகுப்பு வைத்து, கட்டணம் வாங்குவது வேறு. இரண்டாவதை அங்கீகாரமில்லாப் பள்ளி என்று அதிகாரிகள் சொன்னால், கல்வி உரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரும். உத்தரவை மீறித் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை.

பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குப் பெரும்பாலோர் நம்புவது என்.ஐ.ஓ.எஸ். எனும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியை. 14 வயது நிறைந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் கட்டாயம் தேவை. அங்கே 5 பாடங்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்பதால் சமூக அறிவியலை விட்டுவிடவும் வழி உண்டு. இத்தனை ஊர் சுற்றிய பிள்ளையை அதை விடச் சொல்லாதீர்கள்.

‘அரசு அங்கீகாரம் பெற்ற வீட்டுக்கல்விப் பாடத்திட்டம்’ என்று விளம்பரம் செய்து பணம் பிடுங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். வீட்டுக்கல்விக்கென்று அங்கீகாரம் தரும் ஏற்பாடே கல்வி உரிமைச் சட்டத்தில் கிடையாது. பணம் கட்டி ஏமாந்தால் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் ரசீதையும் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. கெடு 2 ஆண்டு.

ஒரு கட்டத்தில் பிள்ளையே பள்ளிக்குப் போகிறேன் என்று சொல்லலாம். 14 வயதுக்குள் என்றால், எந்த வகுப்பும் படித்திராவிட்டாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேரும் உரிமையும், மற்றவர்களுக்கு ஈடாக வரச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் இருக்கின்றன. வயதுச் சான்று இல்லை, சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்றெல்லாம் சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. அனுப்பினால் காரணத்தை எழுதித் தரக் கேளுங்கள். 32-ஆம் பிரிவின்கீழ் உள்ளூர் அதிகார அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுத்தால் 3 மாதத்தில் முடிவு சொல்லியாக வேண்டும். அந்த முடிவும் ஒத்துவராவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.