திருவள்ளூரில் இட்டலி, கும்மிடிப்பூண்டியில் பழையது

சென்னைப் பட்டணத்தை ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று வருகிறவர்களைச் செத்த காலேஜுக்கும் உயிர்க் காலேஜுக்கும் அழைத்துப் போவது நம் தாத்தா காலத்து வழக்கம். செத்த காலேஜாகிய மியூசியம் எழும்பூரில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. உயிர்க் காலேஜ் 1985-ல் வண்டலூருக்குக் குடிபோய்விட்டது. இரண்டையும் நான் சிறு வயதிலேயே பார்த்தாகிவிட்டபடியால், இம்முறை கையிலிருந்த ஒரு நாளை வயிற்றின் பொறுப்பிலேயே விட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். கண்ணுக்குத் தெரியாத சில விஷயங்கள் வயிற்றுக்குத் தெரியும் என்பது என் அனுபவம்.

மேற்கே திருவள்ளூர் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். வடக்கே கும்மிடிப்பூண்டி சுமார் நாற்பத்தெட்டு. நடுவே சென்ட்ரல் ஸ்டேஷன். இரண்டு பக்கமும் மின்சார வண்டி ஓடுகிறது. பட்டணம் இன்று அவ்வளவு தூரத்துக்குக் கையை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. ஒரு கை நுனியில் காலை ஆகாரத்தை ஆரம்பித்து மறு கை நுனியில் இரவுச் சாப்பாட்டை முடிப்பது என்று திட்டம்.

நான் போன தினம் அமாவாசை. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் ஒரே ஜன சமுத்திரம். ஹிருத்தாபநாசினி என்று அந்தக் குளத்துக்குப் பெயர். உடம்பில் உபாதை உள்ளவர்கள் அதில் வெல்லம் கொண்டுவந்து கரைக்கிறார்கள். வெல்லம் கரைவது போல் நோயும் கரையும் என்பது நம்பிக்கை. உண்பதற்கு வந்தவன் குளத்தங்கரையில் நிற்பானேன் என்று கேட்பீர்கள். அந்த ஊரின் ஸ்தல புராணமே ஒரு சாப்பாட்டுக் கதை.

சாலிஹோத்ரர் என்ற முனிவர் அங்கே ஒரு வருஷம் உபவாசம் இருந்தார். தை அமாவாசையன்று, தாமே பொறுக்கிச் சேர்த்த நெல்லை மாவாக்கிப் பெருமாளுக்கு நிவேதனம் செய்துவிட்டு, அதிதி ஒருவருக்கு இடாமல் உண்பதில்லை என்று காத்திருந்தார். ஒரு கிழவர் வந்தார். அவர் பங்கைச் சாப்பிட்டார். பசி தீரவில்லை என்றார். முனிவருடைய பங்கையும் சாப்பிட்டார். முனிவர் மீண்டும் ஒரு வருஷம் பட்டினி கிடந்தார். மறு வருஷமும் அதே கிழவர், அதே பசி. இந்தத் தடவை உண்டு முடித்ததும், களைப்பாயிருக்கிறது, படுக்க எவ்வுள் என்று கேட்டாராம். எந்த அறை என்று அர்த்தம். முனிவர் தம்முடைய குடிலைக் காட்டினார். கிழவர் போய்ப் படுத்தார், பெருமாளாகவே படுத்துவிட்டார். இன்றும் சாலிஹோத்ரர் தலையில் கை வைத்தபடி சயனித்திருக்கிறார். திருஎவ்வுள் என்று ஊருக்குப் பெயர் வந்தது அதனால்தான். வந்தவன் சோறு கேட்டான், பிறகு இடம் கேட்டான் என்பதை நினைவாக வைத்துக்கொண்டு ஓர் ஊர் பெயர் சூட்டிக்கொண்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சந்நிதித் தெருவில் ஒரு சிறு ஹோட்டலில் நாலு இட்டலி. சாம்பாரை வாளியோடு கொண்டுவந்து, போதும் என்று கை மறிக்கும் வரையில் ஊற்றினார்கள். காப்பியைப்பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

சென்ட்ரலில் இறங்கியதும் ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அங்கே ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்த காலம் ஒன்று இருந்தது. ரயில்வே உணவு விடுதிகளில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவர்களுக்கு வேறிடம் என்று தடுத்து வைத்திருந்தார்கள். டிக்கெட் ஒரே விலை, இலை மட்டும் வேறு. 1941-ல்தான் அந்த ஏற்பாடு ஒழிந்தது. ஊருக்குள் ஹோட்டல் பலகைகளிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லுக்கு இன்னும் ஆயுள் கெட்டியாயிருந்தது. 1957-ல் பெரியார் ஈ.வெ.ரா. திருவல்லிக்கேணியில் அதை எதிர்த்து மறியல் நடத்தினார். நாள்தோறும் தொண்டர்கள் சிறை புகுந்தார்கள். சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆன பிறகும் ஓர் இட்டலிக்காகச் சிறைக்குப் போக வேண்டியிருந்தது என்பதை இக்காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இட்டலி நம்முடையதுதான். ஆனால் அதைப் பட்டணத்தின் பொதுப் பலகாரமாக்கியவர்களில் உடுப்பிக்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலைத் திறந்த கே. கிருஷ்ண ராவ், சமையற்கட்டு எடுபிடியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். இப்படித்தான் இந்த ஊரின் நாக்கு வளர்ந்திருக்கிறது: பிழைக்க வந்தவன் தன் ஊர்ச் சுவையை மடியில் கட்டிக்கொண்டு வருகிறான், கொஞ்ச நாளில் அது நம்முடையதாகிவிடுகிறது.

சந்தேகம் இருந்தால் சென்ட்ரலிலிருந்து நடக்கும் தூரத்திலுள்ள தங்கசாலைத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். மார்வாரிகளும் குஜராத்திகளும் குடியேறிய சௌகார்பேட்டை அது. கசோரி, ஜிலேபி, கடாயில் சுண்டிக்கொண்டே இருக்கும் பாதாம் பால். இவற்றையெல்லாம்விட ஒரு வேடிக்கையான பலகாரம் அங்கே கண்டேன். இரண்டு முறுக்குகளுக்கு நடுவே தக்காளியும் வெள்ளரிக்காயும் அரிந்து வைத்துப் பச்சைச் சட்டினி தடவிக் கொடுக்கிறார்கள். முறுக்கு நம் பாட்டி வீட்டுடையது. சட்டினி அவர்கள் வீட்டுடையது. நடுவே காய்கறி வைக்கும் யோசனை வெள்ளைக்காரனுடையது. கடித்தால் மூன்றும் சண்டையில்லாமல் உள்ளே போகின்றன.

சாயங்காலம் பீச் ஸ்டேஷனுக்கு எதிரே, பர்மா பஜாரை ஒட்டிய சந்துகளில் ‘அத்தோ’ சாப்பிட்டேன். மஞ்சளும் சிவப்புமாக நீண்ட சேமியா போன்ற நூடில்ஸ்; அதோடு முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித் தண்ணீர், மிளகாய்த் தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தட்டில் போடுகிறார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். அந்தச் சூப் வயிற்றில் இறங்கும்போது நூறு வருஷத்துச் சரித்திரமும் இறங்குகிறது. ரங்கூனில் நம்மவர்கள் லட்சக்கணக்கில் வாழ்ந்தார்கள். 1942-ல் ஜப்பானியர் நுழைந்தபோது காட்டு வழியே நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் பாதி வழியில் மாண்டார்கள். எஞ்சியிருந்தோரும் 1964-ல் ராணுவ அரசாங்கம் கடைகளைப் பறிமுதல் செய்த பிறகு கப்பலேறி இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். கொண்டுவர அனுமதித்த சாமான் சொற்பம். கைப்பழக்கத்தை எந்தச் சுங்கக்காரன் பறிமுதல் செய்ய முடியும்? அதுதான் இந்தத் தட்டில் இருக்கிறது.

சென்ட்ரலுக்குத் திரும்பும் வழியில் மாநகராட்சியின் அம்மா உணவகம் ஒன்றில் தயிர் சாதம் சாப்பிட்டேன். 2013-ல் அவை ஆரம்பித்தபோது இட்டலி ஒரு ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய் என்று விலை வைத்தார்கள். என்னோடு நின்று சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் தமிழில் பேசவில்லை.

அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பது கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறியதும் விளங்கியது. கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாகவே போய், மீஞ்சூர், பொன்னேரி தாண்டி வண்டி நிற்கும்போது இருட்டிவிட்டது. சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளிலும் மற்றத் தொழிற்சாலைகளிலும் ஒடிஸா, பீஹார், வங்காளத்து இளைஞர்கள் ஏராளம். அதே ஊரில் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. அங்கே பிட்டும் சொதியும் அவிவதற்குக் காரணம் 1983-க்குப் பிந்தைய கதை. கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடை அம்மாள் கடுகு எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தார்.

“இதன் வாசனையே எனக்கு முன்னெல்லாம் பிடிக்காது, ஐயா. இப்போது ஒடியா பாஷையிலேயே கணக்குச் சொல்கிறேன்” என்றார்.

எண்ணெய் வாங்க வந்த ஒரு பையன் இதைக் கேட்டுச் சிரித்தான். அவனிடம் பேச்சுக் கொடுத்தேன். இராத்திரி என்ன சாப்பாடு என்று கேட்டதற்கு, “பகாலா” என்று சொல்லி, வந்து பாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனான்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை. எட்டுப் பேருக்கு ஐந்து பாய். பகல் ஷிப்டுக்காரன் எழுந்த இடத்தில் இரவு ஷிப்டுக்காரன் படுக்கிறான். பாய்க்கு ஓய்வு கிடையாது. பகாலா என்பது என்ன என்று நினைக்கிறீர்கள்? காலையில் வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தது. நம் வீட்டுப் பழையதேதான்! தொட்டுக்கொள்ள, கடுகு எண்ணெய் விட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சை மிளகாய். தட்டில் எனக்கும் போட்டார்கள். எவ்வளவு சோறு அவர்களிடம் இருந்தது என்பதை நான் பாத்திரத்தில் பார்த்துவிட்டபடியால் இரண்டு கவளத்தோடு நிறுத்தப் பார்த்தேன், விடவில்லை.

2020-ல் ஊரடங்கு வந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். மூத்தவன் ஒருவன் வாசலுக்கு அப்பால் கல்கத்தா நெடுஞ்சாலை இருக்கும் திசையைக் காட்டி, “நடந்தோம்” என்றான். அதற்குமேல் சொல்லவில்லை. அந்த வருஷம் அக்டோபரிலிருந்து வெளிமாநிலத்துக் கார்டுக்கும் தமிழ்நாட்டில் ரேஷன் கிடைக்க ஏற்பாடு வந்தது. சோற்றுக்கு ஒரு வழி. அறைக்கு?

கைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்தேன். என்னை அழைத்து வந்த பையன் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் வரையில் துணைக்கு வந்தான்.

“அண்ணா, வண்டி போயிட்டா கவலைப்படாதீங்க. ராத்திரி ஷிப்டுக்கு மூணு பேர் கிளம்பிடுவாங்க. நம்ம ரூமிலேயே படுத்துக்கலாம்” என்றான்.

வண்டி பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தது. நான் ஏறி உட்கார்ந்து, அது நகரும் வரையில் அவன் அங்கேயே நின்றான்.