பறக்கும் நேரம் வேறு, பயண நேரம் வேறு

கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். விமான அட்டவணையில் சுமார் ஒரு மணி நேரம். சென்னைக்கு ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். சுமார் நான்கு மணி நேரம். தூரம் எட்டு மடங்குக்கு மேல் கூடினாலும் நேரம் நான்கு மடங்குதான் கூடுகிறது. காரணம் எளிது. விமானம் நிறுத்துமிடத்தைவிட்டு நகர்வதிலிருந்து, இறங்கிய ஊரில் மறுபடி நிற்கும்வரை உள்ள நேரத்தைத்தான் அட்டவணை சொல்கிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, தரையிறங்க முறை காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் சிங்கப்பூருக்கு 21 நிமிடம் போதும். மீதி நேரத்தை இந்த வேலைகளே விழுங்கிவிடுகின்றன. குறுகிய பயணத்தில் விமானத்தின் வேகத்தால் கிடைக்கும் இலாபம் மிகக் குறைவு.

மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜாக்காரருக்கு அந்தச் சிறு இலாபமும் மிஞ்சாது. தெற்கே சிங்கப்பூருக்குப் போக வேண்டியவர், சிம்பாங் அம்பாட் டோல் சாவடி வழியாக வடக்கே செப்பாங் விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். அங்கே இரண்டு, மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். பறந்து இறங்கி, குடிநுழைவுச் சோதனை முடித்து, நகருக்குள் போய்ச் சேர ஆறு மணி நேரம் ஆகிவிடும். மலாக்கா சென்ட்ரலில் விரைவுப் பேருந்து ஏறினால், எல்லையில் நெரிசல் இல்லாத நாளில், ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

பெருநாள் காலத்தில் ஜொகூர் பாலத்தில் மணிக்கணக்கில் காத்துக் கிடப்பதை மறந்துவிட்டீர்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், அந்த நாள்களில் விமானமே வெல்லக்கூடும். ஆனால், சாலை நெரிசலுக்கு மாற்று விமானம் மட்டுமல்ல. இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 340 கிலோமீட்டர். அங்கே பெரும்பாலோர் இரண்டேகால் மணி நேர ரயிலையே நாடுகிறார்கள். இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய சில உள்நாட்டு வழித்தடங்களில் விமானச் சேவையையே பிரான்சு 2023-இல் தடை செய்தது. கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயில் திட்டத்திலும் 90 நிமிடப் பயணம் பேசப்பட்டது. மலாக்காவின் ஆயர் குரோவில் நிலையம் அமையவிருந்தது. 2021 சனவரி முதல் நாள் அத்திட்டம் கைவிடப்பட்டதில் மலாக்கா மாநிலத்தவருக்குப் பேரிழப்பு. நேரம் போகட்டும், விமானக் கட்டணம் மலிவு என்று சொல்வோர், செப்பாங் போகும் செலவையும் பெட்டிக்கான கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிடட்டும்.

சென்னைப் பயணத்துக்கு இந்த வாதம் பொருந்தாது. 1970-களின் தொடக்கம்வரை ‘ரஜூலா’ கப்பலில் வங்கக் கடலைக் கடக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆனது. இன்று வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டாலும் பத்து மணி நேரம்தான். இங்கே கவனிக்க வேண்டியது கடிகாரத்தை. இந்திய நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. காலை 10 மணிக்குப் புறப்பட்டால் பயணச்சீட்டு 11.30-க்குச் சென்னை என்று காட்டும். திரும்பும்போது அதே 10 மணிப் புறப்பாடு மாலை 4.30 ஆகிவிடும். இரண்டும் நான்கு மணி நேரப் பயணமே. ஆகவே, அடுத்த முறை பயணச்சீட்டு வாங்குமுன் வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல்வரை மணிகளைக் கூட்டிப் பாருங்கள். எதில் போவது என்பதை அந்தக் கூட்டுத்தொகை முடிவு செய்யட்டும்.