நீலப்பல் ராஜாவும் ஒட்டுக்கேட்கும் காதும்

போன கோடையில் தில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போனோம். காதில் ப்ளூடூத் மாட்டிக்கொண்டு வங்கி விஷயம் பேசி முடித்ததும் மகள் கேட்டாள்: "அப்பா, இதை எதிர் சீட்காரர் ஒட்டுக்கேட்க முடியுமா?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முன்பு செல்போன்களில் அகச்சிவப்புக் கதிர்தான். இரண்டும் நேருக்கு நேர் இருக்கணும். நடுவில் கை வைத்தாலே அறுந்துவிடும். கம்பிக்குப் பதில் ரேடியோ அலை என்று 1994-இல் ஸ்வீடனின் எரிக்சன் தொடங்கிய ஆய்வே ப்ளூடூத் ஆயிற்று. பெயர், 10-ஆம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹரால்டின் பட்டப்பெயர்.

ஹெட்செட் பேச்சு 79 தடங்களில் நொடிக்கு 1600 முறை தாவும். ஆனால் தாவல், பூட்டு ஆகாது. இரு கருவிகளும் இணையும்போது உருவாகும் ரகசியச் சாவிதான் பூட்டு. கார் கருவிகள் பலவற்றுக்கு 0000, 1234 என்றே சாவி இருந்ததால், உள்ளே பேசுவதை வெளியிலிருந்தே கேட்கலாம் என்று 2005-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2007-இல் இணைப்பு முறை பலப்பட்டது. ஆனாலும், சாவியின் நீளத்தையே குறைக்க வைக்கும் ஓட்டை 2019-இல் வெளிப்பட்டது.

ஆக, முடியும், ஆனால் சுலபமில்லை. வேலை முடிந்ததும் அணையுங்கள், அறியாத இணைப்பை ஏற்காதீர்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள்.

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். "அதெல்லாம் சரிப்பா, நீங்க பேசின சத்தத்துக்குக் கருவியே வேண்டாமே!" என்றாள்.