குடைத் திருடனும் கறுப்புக் கோடும்

கொப்பியில் இடது கையை விரித்து வைத்து, பென்சிலால் அதைச் சுற்றி வரையுங்கள் பிள்ளைகளே. கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஐந்து விரலும் கடதாசியில் நிற்கின்றன. வீட்டில் யாரிடம் காட்டினாலும் "கை" என்று உடனே சொல்லிவிடுவார்கள். இப்போது உங்கள் உண்மையான கையைப் பாருங்கள். அதைச் சுற்றி எங்கேயாவது கறுப்புக் கோடு ஓடுகிறதா? இல்லை. தோல் முடிகிற இடத்தில் மேசை தொடங்குகிறது, அவ்வளவுதான். கையில் இல்லாத ஒன்றை வரைந்து, எப்படிக் கையைக் காட்டினீர்கள்?

சிறுவர் படக்கதை வரைகிறவர்களின் தொழிலே இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. நம் நாட்டில் கோட்டை வைத்துப் பெரும் மாயம் செய்த ஒருவர் இருந்தார். சிபில் வெத்தசிங்க. 1927இல் காலிக்குப் பக்கத்தில் உள்ள கிந்தோட்டையில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே குடும்பம் கொழும்புக்கு வந்துவிட்டது. ஆனால் கிந்தோட்டையின் தென்னை மரங்களும், ஓட்டு வீட்டுத் திண்ணைகளும், வெற்றிலை போடும் பாட்டிமாரும் அவருடைய மனதை விட்டுப் போகவே இல்லை. 15 வயதில், எச்.டி. சுகதபால எழுதிய 'நவ மக' என்ற பாடசாலை வாசிப்பு நூலுக்குப் படம் வரைந்தார். உங்களில் சிலருடைய ராத்தாவின் வயது! 1948இல் லங்காதீப பத்திரிகையில் சேர்ந்தார். பிறகு 1952இல் லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்துக்குப் போய் ஜனதா பத்திரிகையில் வரைந்தார். அங்கேதான் 'குட ஹொரா' பிறந்தது. தமிழில் சொன்னால் குடைத் திருடன். 1956இல் அது புத்தகமாக வந்தது. ஜப்பானியப் பிள்ளைகள் உட்படப் பல நாட்டுப் பிள்ளைகள் அதைத் தங்கள் மொழியில் வாசித்திருக்கிறார்கள்.

கதை இதுதான். குடையே இல்லாத ஒரு கிராமம். மழை வந்தால் வாழை இலையும் சாக்கும்தான் தலைக்கு மேல். கிரி மாமா பட்டணம் போகிறார், வாழ்க்கையில் முதல் தடவையாகக் குடைகளைக் காண்கிறார், ஒன்றை வாங்கி வருகிறார். ஊருக்கு வந்ததும் குடையைச் சாத்தி வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போகிறார். திரும்பி வந்தால் குடை இல்லை! இன்னொன்று வாங்குகிறார், அதுவும் களவு போகிறது. திரும்பத் திரும்ப இப்படியே நடக்கிறது. கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வருகிறது. குடைக்குள் சின்னச் சின்னக் கடதாசித் துண்டுகளைப் போட்டு வைக்கிறார். குடை திருடப்பட்ட பிறகு, வழியெல்லாம் விழுந்து கிடக்கும் துண்டுகளைப் பின்தொடர்ந்து போகிறார். திருடன் யார் என்று நான் சொல்லமாட்டேன். பாடசாலை நூலகத்தில் தேடி வாசியுங்கள்.

அந்தக் கடதாசித் துண்டுகளைக் கொஞ்சம் யோசியுங்கள். அவை தனித்தனிப் புள்ளிகள். ஆனால் கிரி மாமாவுக்கு அவை ஒரு பாதையாகத் தெரிகின்றன. நமக்கும் அப்படித்தான். வரிசையில் கிடக்கும் புள்ளிகளை மூளை தானாகவே சேர்த்துக் கோடாக்கிவிடும். அதற்கு யாரும் பாடம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

இனி சிபில் வெத்தசிங்கவின் படங்களைப் பார்ப்போம். தடித்த கறுப்புக் கோடு. உருண்ட முகங்கள். சேலையிலும் சாரத்திலும் கட்டம், பூ, புள்ளி என்று நிறைந்த வேலைப்பாடு. நிறங்கள் தட்டையாக, ஒரே சீராக இருக்கும். முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் மெல்ல மெல்ல இருட்டு என்று அவர் நிழல் போட்டுக்கொண்டிருப்பதில்லை. ஏன் இப்படி வரைந்தார்? அவருடைய மனமும் கையும் முதல் காரணம். அந்தக் காலத்து அச்சு இயந்திரமும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

அப்போது பத்திரிகையில் படம் அச்சிட 'புளொக்' செய்வார்கள். ஓவியத்தைப் புகைப்படம் எடுத்து நெகட்டிவ் செய்வார்கள். நெகட்டிவில் கறுப்புக் கோடுகள் கண்ணாடி போலத் தெளிவாகவும், வெள்ளை இடங்கள் கறுப்பாகவும் மாறியிருக்கும். துத்தநாகத் தகடு ஒன்றில், வெளிச்சம் பட்டால் இறுகிவிடும் ஒரு பூச்சைப் பூசி, அதன்மேல் நெகட்டிவை வைத்துப் பலத்த வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் கோடுகளின் வழியாக மட்டும் புகுந்து, அந்த இடத்துப் பூச்சை இறுக்கும். மற்ற இடத்துப் பூச்சைக் கழுவிவிட்டுத் தகட்டை அமிலத்தில் இட்டால், பூச்சு இல்லாத துத்தநாகத்தை அமிலம் தின்றுவிடும். பூச்சு காத்த கோடுகள் மட்டும் மேடாக நிற்கும். மேட்டில் மை தடவிக் கடதாசியை அழுத்தினால் படம் தயார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தத் தகட்டால் சாம்பல் நிறம் காட்ட முடியாது. ஓர் இடத்தில் மை உண்டு, அல்லது இல்லை. சாம்பல் வேண்டுமென்றால் படத்தைச் சின்னஞ்சிறு புள்ளிகளாக உடைக்க வேண்டும். வாப்பா வாசித்து முடித்த பத்திரிகையில் ஒரு புகைப்படத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள், அந்தப் புள்ளிகள் இன்றும் இருக்கின்றன. மலிவான பத்திரிகைத் தாளில் மை பரவி, நுண்ணிய புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து அழுக்காகிவிடும். தெளிவாக நிற்பது உறுதியான கோடுதான். பல ஆண்டுகள் பத்திரிகைக்கு வரைந்த ஒரு கைக்கு, எந்தக் கோடு அச்சில் பிழைக்கும், எது சாகும் என்பது நன்றாகத் தெரிந்திருக்கும்.

இயந்திரத்தை விடுங்கள். நம் மூளைக்கு ஏன் கோட்டை இவ்வளவு பிடிக்கிறது?

இதற்கு விடை ஒரு பூனையிடம் இருந்து கிடைத்தது. 1958இல், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹியூபெல், டோர்ஸ்டன் வீசல் என்ற இரு விஞ்ஞானிகள், மயக்க நிலையில் இருந்த ஒரு பூனையின் மூளையில் பார்வைக்குரிய பகுதியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தலைமயிரை விட மெல்லிய மின்கம்பியால் ஒரு கலம் தரும் மின்துடிப்பைக் கேட்கலாம். பூனையின் கண்ணுக்கு முன்னே, கண்ணாடித் துண்டில் ஒட்டிய கறுப்புப் புள்ளியைக் காட்டிக் காட்டிப் பார்த்தார்கள். மணிக்கணக்காகக் கலம் மௌனம். திடீரென்று, கண்ணாடித் துண்டை மாற்றிச் செருகும்போது, படபடவென்று துடித்தது! புள்ளியைப் பார்த்தா? இல்லை. கண்ணாடியின் ஓரம் திரையில் போட்ட மெல்லிய நிழல் நகர்ந்து போனதைப் பார்த்து! அந்தக் கலத்துக்குப் புள்ளி வேண்டாம், ஓரம் வேண்டும். அதுவும் ஒரு குறிப்பிட்ட சாய்வில் இருக்கும் ஓரம் வேண்டும். வேறு சாய்வுகளுக்கு வேறு கலங்கள் இருந்தன. இந்த வழியில் தொடர்ந்து செய்த ஆராய்ச்சிக்கு 1981இல் இருவருக்கும் நொபெல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஆகவே உலகத்தைப் பார்க்கும்போது மூளை முதலில் தேடுவது ஓரங்களைத்தான். எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று. ஓவியர் ஒரு கறுப்புக் கோடு போட்டால், மூளை செய்ய வேண்டிய வேலையில் பாதியை அவர் முன்கூட்டியே செய்து கொடுத்துவிட்டார். கிரி மாமாவை இரண்டு வயதுக் குழந்தைக்கும் அடையாளம் தெரிவது இதனால்தான்.

கண்டிக்குப் பக்கத்தில் மடவளையில் இருக்கும் பிள்ளைகளுக்கு, கோட்டின் இந்த வேலையைப் பார்க்க நல்ல வாய்ப்பு ஒன்று அருகிலேயே இருக்கிறது. அமுனுகம பக்கத்தில் உள்ள தெகல்தொருவ குகை விகாரை. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் கண்டியை ஆண்ட 18ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வேலை. பாறையைக் குடைந்து, சுவர் முழுக்கக் கதைகளை வரைந்திருக்கிறார்கள். வரைந்தவர்களில் பெயர் தெரிந்த முக்கியமானவர் தேவரகம்பொல சில்வத்தென்ன. படங்கள் நீண்ட பட்டைகளாக ஓடுகின்றன. பின்னணி சிவப்பு. உருவங்களுக்குத் தெளிவான ஓரக் கோடு. நிழல் இல்லை, தூரம் கிட்டம் என்ற அளவு வித்தியாசமும் இல்லை. ஒரே இளவரசன் ஒரே பட்டையில் மறுபடி மறுபடி வருவான். இங்கே யானையைத் தானம் கொடுக்கிறான், கொஞ்சம் தள்ளித் தேரில் போகிறான், இன்னும் தள்ளிக் காட்டில் நடக்கிறான். சுவரோரமாக நடக்க நடக்கக் கதை நகரும். சிபில் வெத்தசிங்கவுக்கு ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலைநாட்டில் படக்கதை இருந்தது, அதுவும் கோட்டையும் தட்டை நிறத்தையும் நம்பி.

அந்த நிறங்கள் எங்கிருந்து வந்தன என்று எழுதி வைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. இவர் கலை அறிஞர் ஆவதற்கு முன் கனிமவியலாளர். இலங்கையின் கனிம ஆய்வுப் பணிக்குத் தலைவராக இருந்தவர், தோரியனைட் என்ற புதிய கனிமத்தைக் கண்டுபிடித்தவர். கல்லை ஆராயப் பழகிய கண்ணோடு கண்டி ஓவியர்களின் வேலையைப் பார்த்து, 1908இல் பெரிய நூலாக வெளியிட்டார். சிவப்புக்குச் சாதிலிங்கம், அதாவது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த கனிமம். மஞ்சளுக்கு ஒரு மரத்தின் பிசின். வெள்ளைக்கு வெண்களிமண். கறுப்புக்கு விளக்குப் புகைக்கரி. இவற்றை ஒட்ட வைக்க விளாம்பிசின். கையில் இருந்த நிறங்கள் மிகக் கொஞ்சம். எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் சிவப்பும் மஞ்சளும் நன்றாக எடுக்கும், நீலம் மங்கிவிடும். இப்படியான இடத்தில் கோடு இல்லாவிட்டால் உருவங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாதா?

கோட்டை வேறு விதமாகப் பயன்படுத்திய ஒருவரைப் பார்க்க, இனிக் கொரியாவுக்குப் போவோம். சூசி லீ 1974இல் சியோலில் பிறந்தவர். அங்கே ஓவியமும், பிறகு இலண்டனில் புத்தகக் கலையும் படித்தவர். சிறுவர் நூல்களுக்கான உலகின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் விருது, 2022இல் ஓவியருக்கான பிரிவில் அவருக்குக் கிடைத்தது. 2008இல் அமெரிக்காவில் வெளிவந்த 'அலை' என்ற அவருடைய நூலில் ஒரு சொல்லும் கிடையாது. கரியால் வரைந்த ஒரு சிறுமி, நீல நிறத்தில் கடல். இடது பக்கத்தில் சிறுமி, வலது பக்கத்தில் அலை. இரண்டுக்கும் நடுவே புத்தகத்தின் மடிப்பு. அலை எவ்வளவு சீறினாலும் மடிப்பைத் தாண்டி வராது! சிறுமி அதைக் கண்டுபிடித்துக் கடலுக்குப் பழிப்புக் காட்டுகிறாள். பிறகு மெல்லக் கையை நீட்டி அந்தப் பக்கம் போகிறாள். போகும்போது அவளுடைய உடம்பில் ஒரு பகுதி மடிப்புக்குள் காணாமல் போகிறது. பார்க்கிற நாம் பயப்படுவதில்லை. மீதியை மனதில் நிரப்பிக்கொள்கிறோம். எனக்கு இந்தப் புத்தகத்தில் மிகப் பிடித்தது இதுதான். யாரும் வரையாத ஒரு கோட்டை, எல்லாப் புத்தகத்திலும் சும்மா கிடக்கிற மடிப்பை, அவர் கதையின் வேலியாக்கிவிட்டார்.

மூளை எப்படி நிரப்புகிறது என்று நீங்களே பார்க்கலாம். கோடு போட்ட கொப்பியில் ஒரே கோட்டின்மேல், இடப்பக்கம் ஒரு கூட்டல் அடையாளமும், அதிலிருந்து 8 சென்ரிமீற்றர் தள்ளி வலப்பக்கம் பட்டாணி அளவில் கறுப்புப் புள்ளியும் போடுங்கள். இடது கண்ணை மூடுங்கள். வலது கண்ணால் கூட்டலை மட்டும் பார்த்தபடி கொப்பியைத் தூரத்திலிருந்து மெல்ல அருகே கொண்டுவாருங்கள். ஏறக்குறைய 30 சென்ரிமீற்றரில் புள்ளி மறைந்துவிடும். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் கலங்கள் இல்லை. புள்ளியின் விம்பம் அங்கே விழுகிறது. ஆனால் அந்த இடத்தில் ஓட்டையா தெரிகிறது? வெள்ளைத் தாள் தெரியும், கொப்பிக் கோடு அறுபடாமல் ஓடுவதும் தெரியும். அந்தத் துண்டுக் கோட்டை உங்கள் கண் பார்க்கவே இல்லை. மூளை போட்டுக் கொடுத்தது.

சிபில் வெத்தசிங்க 2020இல் காலமானார். அதே ஆண்டில் அவருடைய ஒரு கதை கின்னஸில் இடம் பெற்றது. கதையைத் தொடங்கிவிட்டு, முடிவைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லியிருந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட முடிவுகள் அந்தப் புத்தகத்தில் சேர்ந்தன. 90 வயதைத் தாண்டிய பிறகும் பிள்ளைகளோடு வேலை செய்தவர் அவர்.

நீங்களும் ஒரு படக்கதை தொடங்கலாம். நடுவில் கம்பி அடித்த கொப்பி ஒன்றை எடுத்து, கம்பி தெரிகிற நடுப்பக்கத்தைத் திறங்கள். கொப்பி முழுவதிலும் அங்கே மட்டும்தான் இடதும் வலதும் சேர்ந்து ஒரே முழுத் தாள். மற்ற இடங்களில் எதிரெதிரே இருக்கும் இரண்டு பக்கங்களும் வேறு வேறு தாள்கள். அப்படியான இடத்தில் மடிப்பைத் தாண்டி ஒரு யானை வரைந்தால், கொப்பியைப் பிரித்து எடுக்கும்போது தும்பிக்கை ஒரு தாளிலும் வால் இன்னொரு தாளிலும் போய்விடும். நடுப்பக்கத்தில் யானை முழுதாக நிற்கும். முகத்தை மட்டும் மடிப்பில் வைக்காதீர்கள். கறுப்புப் பேனையால் ஓரக் கோட்டை முதலில் போட்டுவிட்டு, நிறத்தைப் பிறகு யோசியுங்கள்.