புல்வெளியும் வரவேற்பறையும்

ஊட்டி தாவரவியல் பூங்கா இருக்கும் இடம் ஒரு காலத்தில் பூங்காவுக்குத் தோதான இடமே அல்ல. தொட்டபெட்டாவின் அடிச்சரிவு அது. மேலே மரமடர்ந்த காடு, கீழே சதுப்பு. 1840-களில் ஊரில் குடியேறியிருந்த ஐரோப்பியர்கள் ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா கட்டி, சாப்பாட்டு மேசைக்குக் காய்கறி விளைவிக்க ஒரு தோட்டம் வைத்துப் பார்த்தார்கள். அது நீடிக்கவில்லை. லண்டன் கியூ தோட்டத்தில் தொழில் பழகிய வில்லியம் கிரகாம் மெக்ஐவர் 1848-இல் வந்து சேர்ந்த பிறகுதான் சதுப்பு வடிந்தது, சரிவு படிப்படியாக வெட்டப்பட்டது, பாதைகளும் பாத்திகளும் அளவெடுத்துப் போடப்பட்டன. காய்கறிச் சந்தாவில் தொடங்கிய கதை, இன்று 22 ஹெக்டேர் பரப்பு, கோடை வந்தால் மலையேறும் வண்டிகளுக்கு வரம்பு என்ற இடத்தில் வந்து நிற்கிறது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குள் வார நாள்களில் 6,000 வெளியூர் வண்டிகளையும் சனி ஞாயிறுகளில் 8,000 வண்டிகளையும்தான் விட்டார்கள். அதற்குமேல் நுழைவதற்கான இ-பாஸ் தரவில்லை.

இப்படிக் கூட்டம் கூட்டமாகப் பூங்கா பார்க்கிறவர்கள் அங்கிருந்து வீட்டுக்கு எதைக் கொண்டுவருகிறார்கள் என்று கவனிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வர்க்கியையும் நீலகிரித் தைலத்தையும் சொல்லவில்லை. கூடத்தையும் சன்னலையும் சுவரையும் மாற்றுகிற சங்கதிகளைச் சொல்கிறேன்.

முதலில் கொண்டுபோனவர்கள் ஊட்டியிலேயே குடியிருந்த ஐரோப்பியப் பங்களாக்காரர்கள். அவர்கள் வீட்டுக்கும் பூங்காவுக்கும் நடுவே பெரிய தூரம் இல்லை. தாழ்வாரத்தில் ஜெரேனியம், ஃபூஷியா. உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் பெரணி. அந்தப் பெட்டி லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு செய்து காட்டியது. கப்பலில் செடிகளை உயிரோடு கொண்டுவர உதவியதே வரவேற்பறை அலங்காரமாகவும் ஆயிற்று. நாற்காலி உறையிலும் சன்னல் திரையிலும் பூக்கொடி படர்ந்த சிண்ட்ஸ் துணி. பார்த்தால் இங்கிலாந்துத் தோட்டம் துணியில் இறங்கிவந்தது போலத்தான் இருக்கும். ஆனால் அதன் பூர்விகம் நம் கரை. சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயமேற்றிய பூந்துணிகள் 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீடுகளின் கட்டில் திரையாகவும் சுவர்த் தொங்கலாகவும் போய்ச் சேர்ந்தன. அங்குள்ள நெசவாளர்கள் பிழைப்புப் போகிறதென்று கொதித்தார்கள். பிரான்ஸ் 1686-இல் தடை போட்டது. இங்கிலாந்து 1721-இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதற்கும் வீட்டில் பயன்படுத்துவதற்குமே தடை விதித்தது. தடைகள் விலகிய பின் அங்கேயே ஆலைகளில் அச்சடிக்கக் கற்றுக்கொண்டார்கள். இந்தக் கரையில் எழுதிய பூ, கடல் தாண்டிப் போய், இயந்திரப் பூவாகத் திரும்பி வந்து மலையேறியது.

பூங்காவும் வீட்டிடம் கடன் வாங்காமல் இல்லை. குட்டைச் செடிகளை நெருக்கமாக நட்டு, தட்டையாகக் கத்தரித்து, விரிப்பில் பின்னுவது போலப் பாத்தியில் உருவம் எடுப்பது விக்டோரியா காலத்து மோகம். தோட்டக்காரர்கள் அதைக் கார்ப்பெட் பெட் என்பார்கள். ஊட்டிப் பூங்காவில் செடிகளாலேயே வரைந்திருக்கிற இந்திய வரைபடம் அந்த வழி வந்ததுதான். அங்குள்ள இத்தாலியன் பூங்காவின் பாத்திகளைச் சற்று மேட்டில் நின்று பார்த்தால், செட்டிநாட்டு வீடொன்றின் ஆத்தங்குடித் தரை நினைவுக்கு வரும். கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, கட்டத்துக்கு ஒரு நிறமாகச் சாயச் சிமென்ட்டை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல் அது. நடுவில் ஒரு பூ. அதே பூ திரும்பத் திரும்ப. ஓரத்தில் வேறு நிறத்தில் கரை. பாத்தி போட்டவருக்கும் கல் வார்த்தவருக்கும் கணக்கு ஒன்றுதான்.

நான் பார்த்து வளர்ந்தது 1980-களின் ஊட்டிப் பயணங்களை. பங்களாவும் கிடையாது, செட்டிநாட்டு மாளிகையும் கிடையாது. ஈரோட்டில் ஓட்டு வீடு, சிமென்ட் தரை. மேட்டுப்பாளையம் வழியாகப் பேருந்தில் இறங்கி வரும்போது பெரியம்மாவின் மடியில், ஈரச் செய்தித்தாளில் சுற்றிய செடிக்குச்சிகள் இருக்கும். காசு கொடுத்து வாங்கியதும் உண்டு, காவலாளி அந்தப் பக்கம் திரும்பியபோது கிள்ளியதும் உண்டு. பிகோனியா ஏப்ரல் வெயிலைத் தாண்டாது. கோலியஸ் தாண்டிவிடும், இலையே பூப்போல இருப்பதால் பெரியம்மாவுக்கு அது போதும். காவி பூசிய டால்டா டின்களில் அவற்றை நட்டு, வாசற்படியின் இரு ஓரத்திலும் உயரமானது பின்னால், குட்டையானது முன்னால் என்று வைத்தார். பூங்காவின் காட்சி மாடங்களில் தொட்டிகளை அடுக்கும் முறை அது. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பார்த்தார், ஞாபகம் வைத்துக்கொண்டார்.

அந்த ஞாபகத்துக்கு ஒரு காரணம், படம் எடுக்க வழி இல்லாதது. கேமரா வைத்திருந்த உறவினர் வந்தாலும் சுருளில் 36 படம்தான், அதில் முக்கால்வாசி ஆள்களுக்கே போய்விடும். இல்லையென்றால் பூங்காவில் திரியும் புகைப்படக்காரரிடம் முகவரி எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். படம் தபாலில் வரும்போது பள்ளிக்கூடம் திறந்திருக்கும். அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினால், அது பல வருடம் அங்கேயே இருக்கும். பக்கத்திலேயே, காய்ந்தும் நிறம் மாறாத ஊட்டிக் காகிதப்பூக் கொத்து ஒரு பித்தளைச் செம்பில், தூசி படிந்து. கொஞ்சம் வசதி வந்தவர்கள் கூடத்துச் சுவர் ஒன்று முழுக்க அருவியும் பைன் மரமும் உள்ள சீனரி வால்பேப்பர் ஒட்டினார்கள். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத கல்யாண ஆல்பம் அக்காலத்தில் குறைவு.

சுவரின் நிறம் பற்றி அப்போது பேச்சே எழாது. சுண்ணாம்பில் நீலம் கலந்தால் ஒரு நிறம், டிஸ்டெம்பர் என்றால் க்ரீமோ பிஸ்தா பச்சையோ. அதையும் பெரியப்பாவும் வெள்ளையடிக்க வந்தவரும் திண்ணையில் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். கண்ணாடி மாளிகையில் சினரேரியாவின் ஊதாவைப் பார்த்து நெடுநேரம் நின்ற பெரியம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. இன்று அந்த ஊதாவைப் போனில் படமெடுத்துக்கொண்டு பெயின்ட் கடைக்குப் போகலாம். ஆயிரக்கணக்கான ஷேடுகளில் ஏறக்குறைய அதே ஊதாவைக் கணினி கலந்து கொடுத்துவிடும். ஷேடு கார்டைப் புரட்டி இந்தச் சுவருக்கு இது என்று விரல் வைப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். மாறியவற்றில் நான் சந்தேகமில்லாமல் நல்லது என்று எண்ணுவது இதைத்தான்.

பூங்காவிலும் மாறாதவை உண்டு. மே மாத மலர்க் கண்காட்சிக்கு உறைபனிக் காலத்திலேயே நாற்று தயாராகிறது. இரவில் பனி இறங்கி நாற்றைக் கருக்கிவிடாமல், கோத்தகிரி மிலார் செடிகளை வெட்டிவந்து பாத்திகளுக்கு மேல் மறைப்புக் கட்டுவார்கள்; விடிந்ததும் தெளிப்பானைத் திறந்துவிட்டு இலைமேல் உறைந்ததைக் கரைப்பார்கள். 1896-இல் முதல் கண்காட்சி நடந்தது. 2025-இல் நடந்தது 127-ஆவது. நூறாவது கண்காட்சியின் நினைவாக 1995-இல் ரோஜாப் பூங்காவே தனியாக வந்தது. வீட்டுத் தோட்டங்களுக்கான போட்டியும் சுழற்கோப்பையும் இன்னும் உண்டு.

மாறியது, நடுவில் வைக்கிற பொருள். தொட்டியில் வளர்ந்த டேலியாவும் பான்சியும் பெட்டூனியாவும் தத்தம் பெருமைக்காகவே நின்ற காலம் போய், கொய்மலர்களைக் குத்திக் கட்டிய உருவங்கள் முன்னால் வந்துவிட்டன. 2024-இல் டிஸ்னி கோட்டையும் மலை ரயிலும். 2025-இல் சோழர் அரண்மனை. பூ செங்கல்லாகிவிட்டது. குழந்தைகள் துள்ளுகிறார்கள், அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கோட்டையின் முன் நிற்கிற யாரும் அது என்ன பூ என்று கேட்பதில்லை. காட்சி மாடத்தின் முன் நின்றவர்கள் கேட்டார்கள்; பெயர்ப்பலகையைக் குனிந்து படித்து, டைரியில் எழுதிக்கொண்டவர்களும் உண்டு.

இப்போதைய பயணி திரும்பும்போது போனில் நூற்றுக்கணக்கில் படம் இருக்கும். அவற்றில் இரண்டு உள்அலங்காரக்காரருக்குப் போகும். அவர் அதே சாயலில் வேறு நாட்டு வீடுகளின் படங்களைத் திருப்பி அனுப்புவார். அடுக்குமாடி வீட்டுக்கு வாசற்படி இல்லை, பால்கனிதான். அங்கே செயற்கைப் புல் விரிப்பு, சுவரில் பிளாஸ்டிக் இலைப் பலகை. உள்ளே அரிக்கா பாம், ஸ்னேக் பிளான்ட், ஸீஸீ. இந்தச் செடிகளை நான் இளக்காரம் செய்ய மாட்டேன். வெளிச்சம் குறைந்த மூலையில் இருக்கும், பத்து நாள் ஊருக்குப் போய் வந்தாலும் சாகாது, அட்டைப் பெட்டியில் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். பெரியம்மாவின் பிகோனியாக்கள் செத்தது அக்கறைக் குறைவால் அல்ல, அந்தச் சமவெளிக்குப் பொருந்தாத செடி என்று சொல்ல ஆள் இல்லாததால். இன்று வாடகை வீட்டில் இருப்பவர்கூட எந்தச் செடி எந்தச் சன்னலுக்கு என்று ஒரு மாலையில் தெரிந்துகொள்கிறார்.

கூடவே ஒரு மூடநம்பிக்கையும் தொட்டியோடு வந்து சேர்ந்திருக்கிறது: செடி வைத்தால் அறைக் காற்று சுத்தமாகும் என்பது. 1989-இல் நாசா நடத்திய சோதனையைச் சான்றாகச் சொல்வார்கள். அது மூடிய சிறு அறைப்பெட்டிக்குள் நடந்தது. 2019-இல் வந்த ஒரு மறுஆய்வு, சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும் என்று கணக்குப் போட்டது. சன்னலைத் திறப்பது மலிவு. செடியை அழகுக்காக வைக்கிறேன் என்று சொல்ல ஏன் இத்தனை கூச்சம் என்று தெரியவில்லை.

போனில் இவ்வளவு படமெடுத்தும் பூங்காவிலிருந்து ஒன்று மட்டும் வீடு வந்து சேர்வதில்லை, அதன் பெரிய புல்வெளி. கண்காட்சிக்கு முன்னால் சில வாரம் புல்வெளியின்மேல் யாரையும் விடமாட்டார்கள். மற்ற நாள்களில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். பூங்காவின் பரப்பில் பூவுக்குக் கிடைத்திருப்பது ஓரங்களும் மேடுகளும்தான். நடுவே கண் ஓடுவதற்கு விட்ட பச்சைதான் ஓரத்துச் சால்வியாவை அத்தனை சிவப்பாகக் காட்டுகிறது. ஆனால் நாம் சால்வியாவைப் படமெடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். ஆகவே கூடத்தில் பூப்போட்ட சுவர், பூப்போட்ட மெத்தை உறை, ஜிப்சம் கூரையில் பூ, கூரைக்குள் மூன்று நிற விளக்கு, ஷோகேஸ், டிவி யூனிட், நடுவில் கண்ணாடி மேசை, அதன்மேல் ஒரு பூச்சாடி. கண்ணுக்கு உட்கார இடம் இல்லை.

பழைய கூடத்தில் அது இருந்தது. ஓர் ஊஞ்சல், சுருட்டி மூலையில் சாய்த்த பாய், மற்றதெல்லாம் தரை. அழகுணர்ச்சியால் அப்படி விட்டார்கள் என்று சொன்னால் அது கதை. வாங்கப் பணமில்லை, பத்துப் பேர் படுக்க இடமும் வேண்டும். காரணம் எதுவானாலும் இடம் கிடைத்தது. வாசலில் இருந்த மூன்று கோலியஸும் உள்ளேயிருந்து பார்த்தால் கண்ணை இழுத்தன. ஆத்தங்குடித் தரையின் கோலமும் மேலே சோபா இல்லாததால்தான் கோலமாகத் தெரிந்தது.

கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டம்மா சென்ற கோடையில் ஊட்டி போய் வந்தபின் செய்த மாற்றம் இந்த வகையில் எனக்குப் பிடித்திருந்தது. எதையும் புதிதாக வாங்கவில்லை. கண்ணாடி மேசையைத் தங்கை வீட்டுக்கு அனுப்பினார், ஷோகேஸை உள்ளறைக்குத் தள்ளினார், மூன்று தொட்டிகளைச் சன்னல் ஓரத்தில் உயரப்படி வைத்தார். நடுவில் தரை மட்டும். பேரன் அதில் கிரிக்கெட் ஆடுகிறான். வீட்டுக்காரர்தான் காபி டம்ளரை எங்கே வைப்பது என்று தினமும் கேட்கிறாராம். கையில் வைத்துக்கொண்டு குடியுங்கள் என்பது இதுவரை அவருக்குக் கிடைத்துவரும் பதில்.