கண் அறுவைக்குப் பிறகு வீட்டில் தாதி யார்?

கண்புரை அறுவை சிகிச்சைக்குக் காலையில் போனவர் மாலையில் வீடு திரும்பிவிடுகிறார். இன்று பெரும்பாலோருக்கு இப்படித்தான். வார்டில் படுக்கவைத்து தாதியர் கவனித்த காலம் மாறி, சொட்டு மருந்து பாட்டில்களும் பிளாஸ்டிக் கண் மூடியும் அன்றே வீட்டாரின் கைக்கு வந்துவிடுகின்றன. அடுத்த நான்கு வாரங்களுக்கு வீட்டில் இருப்பவர்தான் தாதி.

இதில் ஜொகூர் குடும்பங்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. மகனும் மருமகளும் விடிவதற்கு முன்பே பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். திரும்பி வர இரவாகிவிடும். ஒரு நாளைக்கு 4 முறை என்று எழுதிக் கொடுத்த மருந்தை மதியமும் மாலையும் யார் விடுவது? பல வீடுகளில் கை நடுங்கும் பாட்டியே தனக்குத்தானே விட்டுக்கொள்கிறார். பாதி மருந்து கன்னத்தில் வழிகிறது. அதனால் அறுவைக்குத் தேதி வாங்கும்போதே, முதல் ஒரு வாரம் பகலில் வீட்டில் யார் இருப்பது என்பதையும் பேசி முடிவு செய்துவிட வேண்டும். உறவினரோ, பக்கத்து வீட்டு அக்காவோ, பள்ளி முடிந்து வரும் பேரப்பிள்ளையோ யாராக இருந்தாலும் சரி, சொல்லிக் கொடுத்தால் 10 நிமிடத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான்.

நம் நாட்டில் 2014ஆம் ஆண்டு நடந்த தேசியக் கண் ஆய்வில், 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே பார்வை இழப்புக்கு முதல் காரணம் கண்புரை என்று தெரியவந்தது. அதன் பங்கு 58.6 விழுக்காடு. இனிப்புநீரால் வரும் விழித்திரைப் பாதிப்பு 10.4 விழுக்காடு, கண் அழுத்த நோய் 6.6 விழுக்காடு. முதலில் உள்ள கண்புரை, அறுவையால் மீட்கக்கூடிய பார்வை. மற்ற இரண்டிலும் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.

"புரை நன்றாக முற்றட்டும், பிறகு பார்க்கலாம்" என்று பெரியவர்கள் தள்ளிப்போடுவதை இன்னும் கேட்கிறோம். ஒரு காலத்தில் அது சரியான பேச்சுதான். அன்று கண்ணில் பெரிதாக வெட்டித் தையல் போட்டார்கள். தலை அசையாமல் இருக்க இரு பக்கமும் மணல் மூட்டை வைத்து நாள்கணக்கில் படுக்கவைத்த காலமும் இருந்தது. இன்று 2, 3 மில்லிமீட்டர் துளை வழியே புரையை உடைத்து உறிஞ்சி எடுத்து, செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். பெரும்பாலும் தையல் தேவைப்படுவதில்லை. புரை முற்றிக் கல்லாகிவிட்டால்தான் உடைப்பது சிரமம்.

இனி சொட்டு மருந்து. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நோயாளி நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்க்கட்டும். முடியாதவரைப் படுக்கவையுங்கள். கீழ் இமையை விரலால் மெல்லக் கீழே இழுத்தால் சின்னப் பை போல ஒரு இடம் தெரியும். அதில் ஒரு சொட்டு விட்டால் போதும். இன்னொரு சொட்டுக்குக் கண்ணில் இடமே கிடையாது, வெளியேதான் வழியும். பாட்டிலின் நுனி இமையையோ முடியையோ தொடக்கூடாது. தொட்டால் கிருமி பாட்டிலுக்குள் போய்விடும். பிறகு கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு குழாய் மூக்குக்குள் இறங்குகிறது. மருந்து அதன் வழியே ரத்தத்தில் கலந்துவிடும். கண் அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மருந்துகள் அப்படிக் கலந்தால் ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுத் திணறலைக்கூட உண்டாக்கும். இரண்டாவது மருந்து இருந்தால் 5 நிமிடம் கழித்து விடுங்கள். களிம்பு கடைசியில். திறந்த தேதியைப் பாட்டிலின் மேல் எழுதி வையுங்கள். பொதுவாக 4 வாரம்தான் அதன் ஆயுள்.

இரவில் கண் மூடியை ஒட்டாமல் படுக்கவிடாதீர்கள். தூக்கத்தில் கண்ணைக் கசக்கிவிடுவார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் எண்ணெய்க் குளியலையும் மருத்துவர் சொல்லும்வரை தள்ளிவையுங்கள், தீபாவளியே வந்தாலும். திருநீறு பூசும்போது தூள் கண்ணில் விழாமல் யாராவது பூசிவிடலாம். சாம்பிராணிப் புகை வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் எதையும் கண்ணில் விடக்கூடாது. மற்றபடி நடக்கலாம், டிவி பார்க்கலாம், சாப்பாட்டில் பத்தியம் தேவையில்லை.

வலி நாளுக்கு நாள் கூடுவது, தெளிந்து வந்த பார்வை மறுபடி மங்குவது, கண் மேலும் சிவப்பது, பீளை வடிவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த சந்திப்புத் தேதிக்காகக் காத்திருக்காமல், நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கண்ணுக்குள் கிருமித் தொற்று அரிது. ஆனால் முதல் வாரத்தில்தான் அதிகம் வருகிறது. வந்தால் ஓரிரு நாளில் பார்வையைப் பறித்துவிடும்.

மருந்து மிச்சமானால் அடுத்த முறை கண் சிவக்கும்போது விடலாம் என்று எடுத்து வைப்பவர்கள் உண்டு. அறுவைக்குப் பின் தரும் மருந்துகளில் ஒன்று பொதுவாக ஸ்டீராய்ட். மருத்துவர் பார்க்காமல் அதைத் தொடர்ந்து விட்டால் கண்ணின் அழுத்தம் ஏறும், சத்தமில்லாமல் பார்வை நரம்பு அழியும். மிச்சத்தைத் தூக்கிப் போடுங்கள்.

கண் அழுத்தம் என்றதும், ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறோமே, அது போதாதா என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் வந்து மாட்டிக்கொண்டதுதான் குழப்பம். கண் அழுத்தம் என்பது கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம். அதற்குத் தரும் சொட்டு மருந்தைப் பெரும்பாலும் ஆயுள் முழுக்க விட வேண்டும். விட்டதும் பார்வை கூடியதாகத் தெரியாது. இருக்கும் பார்வையைக் காப்பதுதான் அதன் வேலை. அதனால்தான் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். இன்னொரு குழப்பமும் உண்டு: "கண்ணில் சதை வளர்கிறது" என்று பாட்டி சொன்னால் அது புரையாக இருக்கலாம், வெள்ளை விழியிலிருந்து கருவிழிமேல் படரும் சதையாகவும் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு நோய். கிளினிக்கில் காட்டித் தெரிந்துகொள்ளுங்கள்.

நம்மவர்களுக்கு இனிப்புநீரைத்தான் அதிகம் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இனிப்புநீரால் விழித்திரை கெடத் தொடங்கும்போது வலியும் இல்லை, மங்கலும் இல்லை. அதனால் பார்வை நன்றாக இருப்பவரும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். பல அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளில் அதற்கான கேமரா இருக்கிறது. மருந்து வாங்கப் போகும்போது கேட்டுத் தேதி வாங்கிக்கொள்ளலாம். அன்று கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டால், சில மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாகவும் வெயில் கூசுவதாகவும் இருக்கும். மோட்டார் சைக்கிளில் தனியாகப் போகாமல், ஓட்டிக்கொண்டு திரும்ப யாரையாவது கூட்டிப் போங்கள்.