செஞ்சிப் பாறைகளைக் குவித்தது யார்?

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பேருந்தில் செல்பவர்கள், செஞ்சியை நெருங்கியதும் வெளியே எட்டிப் பார்ப்பார்கள். வீட்டளவுப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கும் குன்றுகள்! இராஜகிரி சுற்றுப்புறத்தைவிட ஏறத்தாழ 240 மீட்டர் உயரமானது. 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கோட்டைகளுள் செஞ்சியும் ஒன்று.

இப்பாறைகள் எப்படி வந்தன? எரிமலை வீசியெறிந்தவை என்று சிலர் எண்ணக்கூடும். பெருவெள்ளம் உருட்டி வந்தது என்று வேறு சிலர் கூறலாம். வட ஐரோப்பியருக்கோ பனிப்பாளம் நினைவுக்கு வரும். பனியூழியில் நகர்ந்த பனி சுமந்து வந்து போட்ட பாறைகள் அவர்கள் நாட்டில் உண்டு. ஆனால் அப்பனியூழியில் தமிழகத்தைப் பனிப்பாளம் மூடவில்லை. தம் ஊரின் நிலவியலைக் கொண்டு அயலூரை அளந்தால் இப்படித்தான் பிழை நேரும்.

எரிமலையும் காரணமன்று. உடைந்த பாறைத் துண்டொன்றை உருப்பெருக்கியால் பாருங்கள். பருமனான படிகங்கள் தெரியும். வெளியே கொட்டிய எரிமலைக் குழம்பு விரைந்து ஆறுவதால் அதில் படிகங்கள் நுண்ணியவை. பருமனான படிகங்கள் வளர, பாறைக்குழம்பு நிலத்தின் ஆழத்தில் மெல்ல மெல்லக் குளிர வேண்டும். செஞ்சிக் கருங்கல் அவ்வாறு உருவாகி ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

மேலிருந்த பாறை அரிக்கப்பட்டுச் சுமை குறைந்ததும் கருங்கல்லில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் தோன்றின. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்ட மழைநீர் மெல்லிய அமிலமாக வெடிப்புகளில் இறங்கி, கல்லிலுள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமத்தைக் களிமண்ணாக்கியது. கல்லின் முகத்தை நீர் ஒரு பக்கமாகத் தாக்கும். விளிம்பை இரு பக்கமாக. மூலையை மூன்று பக்கமாக! ஆகவே மூலைகளே முதலில் கரையும். புதிய சலவைச் சோப்புக் கட்டியை நீரில் ஊறவைத்துப் பாருங்கள், இதே கதைதான். பிறகு களிமண்ணை மழை அடித்துச் சென்றது. உருண்டைக் கற்கள் எஞ்சின. சில சரிந்திருக்கலாம், ஆயினும் அவை பிறந்த இடம் இக்குன்றுதான். குவித்தவர் எவருமில்லை, குவியல் என்று நாம் காண்பது கரையாமல் நின்ற மிச்சமே!

செஞ்சிக்கு வடக்கே உள்ள சீயமங்கலத்தில், 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. 1,300 ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் தூண்கள் உறுதியாக நிற்கின்றன. வெடிப்பில்லாத பாறையில் நீர் தங்காமல் வழிந்துவிடுகிறது. எனவே தேய்வு மிக மிக மெதுவானது. அப்படியானால் ஒரு மூலை உருண்டையாக எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தமிழகத்தில் எத்தனையோ குன்றுகள் ஜல்லிக்காக உடைக்கப்படுகின்றன. எங்கிருந்தோ வந்து விழுந்த கற்கள்தானே என்று நினைப்பவருக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றாது. ஆனால் இன்று உடைத்த பாறைக்கு ஈடாக இன்னொன்றை எந்த வெள்ளமும் உருட்டி வரப்போவதில்லை. அடுத்த முறை செஞ்சிக்குச் செல்லும்போது, உடன் வருபவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.